மேர்பரி குன்றில் ஏறாத சிரில் பென்ஃபோல்ட்

எங்கள் ஊரில் சிரில் பென்ஃபோல்டைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் செய்த காரியத்துக்காக அல்ல, செய்யாத காரியத்துக்காக. மேர்பரி குன்றின் அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு, குன்றின் கார் நிறுத்துமிடம் வரை போகும் பேருந்தை ஓய்வு பெறும்வரை ஓட்டிய மனிதர், ஒரு நாள்கூட அந்தக் குன்றின்மேல் ஏறியதில்லை.

ஏற முடியாத சிகரமொன்றும் இல்லை அது. கைக்குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடித்துவிட்டுக் கோலூன்றி ஏறுகிறார்கள். சுண்ணாம்புப் பாதை, அப்புறம் புல், அப்புறம் பழங்காலத்து மண் அரண், அதற்குள் வட்டமாய் நிற்கும் பீச் மரங்கள், மரங்களுக்கு அப்பால் யாரோ பெரிய மனிதர்களைப் புதைத்த இரண்டு மேடுகள். அவ்வளவுதான் குன்று. மேலே நின்று பார்த்தால் மூன்று மாவட்டம் தெரியும் என்பார்கள். மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பென்ஃபோல்ட் இந்த ஊர்க்காரர் இல்லை. கிழக்கே, மேசைப் பலகைபோல் தரை கிடக்கும் சதுப்பு நிலப் பக்கத்துக்காரர். இங்கே பிறந்த ஐவியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். வந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது என்பதால் மதுவிடுதியில் இன்னும் அவருக்குப் ‘புதுசா வந்த ஆள்’ என்றுதான் பெயர்.

ஐவிக்குக் குன்றுதான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், பாத்திரங்களை ஊறப்போட்டுவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சிரில் சமையலறை ஜன்னல் வழியாகக் கையசைப்பார். வாடிக்கையாய் இதைப் பார்த்து வந்த ஊர், தன் அகராதிப்படி அவருக்குச் சோம்பேறி என்று பட்டம் கட்டி முடித்துவிட்டது. பேருந்தில் யாராவது கிண்டல் செய்தால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

“குன்று பாக்கறதுக்கு அழகா இருக்கு கண்ணு. மேல ஏறிட்டா அது ஒண்ணு மட்டும்தான் தெரியாது. உக்காரு, வண்டி எடுக்கணும்.”

இந்த நிலையில்தான் ஜைல்ஸ் ஆஷ்வொர்த் ஊருக்கு வந்து சேர்ந்தார். லண்டனில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பாதிரியார் வீட்டை வாங்கி, அதற்குப் பழைய தோற்றம் வர நிறையப் புதுச் செலவு செய்தார். வந்த முதல் கோடையிலேயே ‘குன்றின் நண்பர்கள்’ என்று ஒரு சங்கம் தொடங்கினார். அதுவரை நண்பர்கள் யாருமில்லாமலே சில ஆயிரம் வருஷத்தை ஓட்டிவிட்ட குன்று, இனி தனித்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. “நம்ம முன்னோர்கள் மான்கொம்பால தோண்டின மண் இது” என்று அவர் கூட்டத்தில் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அவருடைய முன்னோர்கள் வடக்கே கம்பளி வியாபாரம் செய்தவர்கள் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சங்கத்தின் முதல் திட்டம், ஊரிலுள்ள வயதானவர்களின் குன்று நினைவுகளை ஒலிப்பதிவு செய்வது. ஜைல்ஸ் கருவியோடு சிரில் வீட்டுக்குப் போனார். போன வேகத்திலேயே என் தபால் கடைக்குள் நுழைந்தார். முகம் சிவந்திருந்தது.

“ஒரு தடவைகூட ஏறலையாமே! உங்களுக்குத் தெரியுமா இது?”

“ஊருக்கே தெரியும், ஜைல்ஸ்.”

“எவ்வளவு பெரிய இழப்பு! ஆனா எவ்வளவு அருமையான வாய்ப்பு!”

அடுத்தவர் இழப்பில் வாய்ப்பு பார்க்கும் கண் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. ஒரே வாரத்தில் சுவரொட்டி வந்துவிட்டது. ‘சிரிலின் முதல் ஏற்றம்.’ பித்தளை வாத்தியக் குழு, கேக் கடை, உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஆயிற்று. சிரிலைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். சுவரொட்டி ஒட்டிய பிறகு.

அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். சவரம் செய்துகொள்ள பிளேடு வாங்க வந்தபோது கேட்டேன்.

“என்ன சிரில், நிஜமாவே ஏறப்போறீங்களா?”

“ஐவி ஒண்ணும் சொல்லலை” என்றார். அது எனக்குப் பதிலாகப் படவில்லை.

ஐவியும் தன் பங்குக்கு அன்று மாலை வந்தார். அவருக்கு உற்சாகம் ஒன்றும் இல்லை.

“யாரோ ஒரு ஜைல்ஸ் கூப்பிட்டா போறான் பாரு. நான் கூப்பிடாம விட்டேனா? ‘வானம் நல்லா இருக்கு’ன்னு சொல்லுவேன், ‘வானம்பாடி சத்தம் கேக்குது’ன்னு சொல்லுவேன். ‘போய்ட்டு வா’ம்பான். எங்க அம்மா சாம்பலை மேல தூவின அன்னைக்கு ஊரே வந்துச்சு. இவன் கார் நிறுத்தற இடத்துல எல்லாருடைய பையையும் காவல் காத்துட்டு நின்னான். அதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்.”

சொல்லிவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தைத் தேவையில்லாத வேகத்தோடு பைக்குள் திணித்தார்.

விழா நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்துக் கோடைக்காலம் என்பதால் வழக்கம்போல் மழை பெய்தது. வாத்தியக் குழு ஒரு கூடாரத்துக்குள் ஒண்டிக்கொண்டு வாசித்தது. கேக்குகள் ஈரத்தில் மெல்லக் கரைந்துகொண்டிருந்தன. பாதை தொடங்கும் மரக்கதவுக்கு முன்னால் சங்கத்தார் பச்சை ரிப்பன் கட்டியிருந்தார்கள். நாலாயிரம் வருஷம் யாரும் ரிப்பன் வெட்டாமல் ஏறியது எப்படி என்று எனக்கே வியப்பாக இருந்தது.

ஜைல்ஸ் முன்னோர்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். பிறகு சிரில் ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கதவில் கையை வைத்தார். வைத்தபடியே நின்றுவிட்டார்.

“முழங்காலா, சிரில்? வேணும்னா என் தோளைப் பிடிச்சுக்குங்க” என்றார் ஜைல்ஸ்.

சிரில் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஐவியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“ஐவி, நான் வரட்டுமா?”

“என்னை எதுக்குக் கேக்குற?”

“நீதானே வரக்கூடாதுன்னு சொன்ன.”

“நானா? எப்போ?”

“கல்யாணம் ஆன மொத வருஷம். அடுப்புல கறி கருகிப்போச்சே, அன்னைக்கு. ‘வீட்லயும் நீ, கடைத்தெருவுலயும் நீ, எங்க திரும்பினாலும் நீ. அந்தக் குன்று ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. அங்கயாவது என் பின்னாடி வராம இரு’ன்னு சொன்ன.”

வாத்தியக் குழுவில் ஒருவர் மட்டும் நிலைமை தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்தினார்.

ஐவி குடையை உயர்த்தி அவரை முறைத்தார்.

“அது கோவத்துல சொன்னதுடா, மடையா!”

“கோவம் போயிடுச்சுன்னு நீ சொல்லவே இல்லையே.”

“வானம் நல்லா இருக்குன்னு எத்தனை தடவை சொன்னேன்!”

“வானம் நல்லா இருக்குன்னுதான் சொன்ன. வான்னு சொல்லலை.”

“அம்மா சாம்பலைத் தூவின அன்னைக்குமா?”

“அன்னைக்கு ஏறலாமான்னு நெனச்சேன்” என்றார் சிரில். “உங்கிட்டக் கேக்கற நேரமா அதுன்னு விட்டுட்டேன். கீழ நின்னு மரத்தையே பாத்துட்டு இருந்தேன். நீங்க எல்லாரும் மரத்துக்குப் பின்னால போனப்புறம் கண்ணுக்குத் தெரியலை.”

ஐவி குடையைக் கீழே போட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சிரில் கோட்டின் கழுத்துப்பட்டியைப் பிடித்தார். அறையப் போகிறார் என்று நினைத்து ஜைல்ஸ் ஓர் அடி பின்வாங்கினார். ஆனால் ஐவி பட்டியைச் சரிசெய்துவிட்டு, மேல் பொத்தானைப் போட்டுவிட்டார்.

“வா” என்றார். “வழுக்கும், என் கையைப் பிடிச்சுக்கோ.”

இருவரும் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். ஐவி வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஏறினார். எப்பேர்ப்பட்ட முட்டாளைக் கட்டிக்கொண்டேன் என்பதுதான் பேச்சின் சாரம். நடுநடுவே மூக்கைச் சிந்திக்கொண்டார். சிரில் கால் வைக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினார்.

உச்சியில் மூடுபனி. மூன்று மாவட்டம் இருக்கட்டும், மூன்று மரம்கூடத் தெரியவில்லை. ஜைல்ஸ் பனிக்குள் கையை நீட்டி, அரண் இருக்க வேண்டிய திசையில் விளக்கம் கொடுத்தார். எதிரிகள் வந்தால் தொலைவிலேயே தெரியும் என்றார். பத்திரிகைக்காரர் சிரிலிடம் கேட்டார்.

“எப்படி இருக்கு, மிஸ்டர் பென்ஃபோல்ட்?”

“வெள்ளையா இருக்கு” என்றார் சிரில்.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில், ‘மூதாதையர் மண்ணில் கண்ணீர் மல்க நின்றார்’ என்று வந்தது. படத்தில் முன்னால் நின்றவர் ஜைல்ஸ். அவருடைய தொப்பிக்குப் பின்னால் சிரிலின் ஒரு காது தெரிந்தது. மண்மேடுகளுக்கு அந்தப் பக்கம், ஐவியின் அம்மாவின் சாம்பலைத் தூவிய இடத்தில், அவர்கள் இருவரும் மழையில் நின்றதைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் கீழே தேநீர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு சிரில் ஒரு ஞாயிறையும் விடவில்லை. விடாதது மட்டுமல்ல, அத்தனை வருஷம் சேர்த்துவைத்திருந்த கேள்விகளையும் உடன் எடுத்துக்கொண்டு ஏறினார். இந்தச் செடிக்கு என்ன பேர், அந்தச் சர்ச் எந்த ஊருது, ஆடு ஏன் ஒரே பக்கமா நிக்குது. சங்கத்தில் சேர்ந்து, பேருந்து நிறுத்தத்தில் இறங்குகிறவர்களைப் பிடித்து மண்மேடுகளைப் பற்றிச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம் ஐவி கடைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு கோப்பை தேநீர் கொடுத்தேன்.

“ஏறும்போதும் பேச்சு, இறங்கும்போதும் பேச்சு. ஒரு வானம்பாடி சத்தம் காதுல விழுந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?”

“கொஞ்சம் பேசாம வான்னு சொல்ல வேண்டியதுதானே?”

ஐவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சொல்லலாம். அப்புறம் சாகற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டான்.”

வெளியே சிரில் யாரோ ஒரு சுற்றுலாத் தம்பதிக்குக் குன்றைக் காட்டிக் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார். ஐவி அதைக் கொஞ்சநேரம் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, இன்னொரு கோப்பை தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.