அப்பா நம்பிய எழுத்தாளர்

தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உமாராணிக்கு வேலை. வியாழக்கிழமை காலையில் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. அவளுடைய செல்லுக்கு வரவில்லை, அந்த நம்பரை அவள் ஊரில் ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. மேஜைமேல் இருந்த பொது போனுக்கு வந்தது. அதை எடுத்த, கூட வேலை பார்க்கும் சஃப்ரின், “அக்கா, உங்க அப்பாவாம்” என்று சாதாரணமாக நீட்டினாள். அவளுக்கு என்ன தெரியும் பாவம்.

“உமா, நாந்தான். இலஞ்சியில கோயிலுக்குப் பின்னால, பச்ச கேட்டு, மாடி வீடு. சரிதானா?”

உமாராணி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஞாயித்துக்கெழம வாரேன். பிள்ளயப் பாக்கணும். பயப்படாத, என்னா?”

போன் வைக்கப்பட்டுவிட்டது. நாற்காலியில் இருந்த பெரியவர் அவள் கையில் இருந்த ஊசியையே பார்த்தார். “ஒனக்கே கை இந்த ஆட்டம் ஆடுது, எனக்கா தாயி குத்தப் போற?” என்று கையை இழுத்துக்கொண்டார். சஃப்ரின்தான் வந்து ரத்தம் எடுத்தாள்.

பெற்ற தகப்பன் பேத்தியைப் பார்க்க வருகிறேன் என்கிறான், இதற்குப் போய் இப்படியா நடுங்குவாள் என்று கேட்கிறவர்கள் புண்ணியம் செய்தவர்கள். இந்தப் பக்கத்துச் செய்தித்தாள்களை அவர்கள் படித்ததில்லை. சமாதானம் பேச வருகிறோம் என்று சொல்லி வந்த சித்தப்பாக்களையும் மாமாக்களையும் உமாராணி படித்திருக்கிறாள். பேசலாம் வா என்று கூப்பிட்டுத்தான் எல்லா வெட்டும் நடந்திருக்கிறது.

அவளுடைய அப்பா சங்கரபாண்டிக்கு இலத்தூர். போலீஸில் ஏட்டாக இருந்து, சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராகி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபோது உமாராணி எட்டாம் வகுப்பு. “சாப்பிட்டியா”, “கதவப் பூட்டுனியா” என்ற இரண்டுக்கு மேல் மூன்றாவது வார்த்தை மகளிடம் பேசத் தெரியாத மனிதர். ஆனால் கதை படிப்பார். டூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்ம் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். மகள் எதிரில் உட்கார்ந்து கேட்பாள். அந்த வீட்டில் பாசம், பரிவு, மன்னிப்பு எல்லாம் சிற்றாறன் நாவல்கள் வழியாகத்தான் நடமாடின.

சிற்றாறன் இந்த ஜில்லாக்காரர். பெண்பிள்ளைகளின் மனசை அவரைப் போல எழுத ஆளில்லை என்று அப்பா சொல்லுவார். ‘மறுகரைத் தோப்பு’ என்று ஒரு நாவல். வேறு சாதிப் பையனோடு போய்விட்ட மகளைத் தலைமுழுகிய தகப்பன், கடைசி அத்தியாயத்தில் அவள் வீட்டைத் தேடிப் போய், அவள் கையால் சோறு வாங்கித் தின்கிறான். அந்த இடம் வந்தால் சங்கரபாண்டிக்குக் குரல் உடையும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “கண்ணுல தூசி விழுந்துட்டு” என்பார். எத்தனை தடவை படித்தாலும் அந்தத் தூசி தவறாமல் விழும்.

அந்தத் தூசியை நம்பித்தான் உமாராணி ஏசி மெக்கானிக் செல்வினோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேறு சாதி, வேறு சாமி. அப்பா கோபப்படுவார், பிறகு வருவார் என்று நினைத்தாள். அப்பா வரவில்லை. சொந்தக்காரர்கள் அவரைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்த் தலைமுழுக வைத்தார்கள் என்ற செய்திதான் வந்தது. சித்திரை மாதம், குற்றாலத்தில் தண்ணீர் ஏது? பாறையில் நூல் மாதிரி வடிந்ததில் தலை நனையும்வரை அந்த மனிதரை நிற்கவைத்திருக்கிறார்கள், கிறுக்குப் பயல்கள். செல்வினும் உமாராணியும் கோயம்புத்தூரில் ஒளிந்திருந்துவிட்டு, செல்வினின் அம்மா ஞானபாக்கியத்துக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் திரும்பி வந்து, இலஞ்சியில் சத்தமில்லாமல் குடியிருந்தார்கள். பிள்ளை பிறந்தது. யாருக்கும் சொல்லவில்லை. போலீஸில் இருந்தவருக்கு மோப்பம் பிடிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

இதற்கிடையில் சிற்றாறனுக்கு என்னவோ ஆகிவிட்டது. சாதிச் சங்க மேடைகளில் ஏறினார். முதலில் பெருமை பேசினார், பிறகு பெண்களைப் பற்றிப் பேசினார். “வழி தவறிய மகளைப் பெற்றவன் கை சும்மா இருக்காது. இருக்கவும் கூடாது” என்று அவர் சொன்ன வீடியோவை உமாராணி பார்த்தாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் விசில் காதைக் கிழித்தது. முன்வரிசையில், வெள்ளை வேட்டியில், கைதட்டிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

சஃப்ரினும் ஒரு காலத்தில் சிற்றாறன் பைத்தியம்தான். அந்த வீடியோவுக்குப் பிறகு எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள். உமாராணியால் முடியவில்லை. எழுதுகிறவர் வேறு, பேசுகிறவர் வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செல்வின் இல்லாத நேரத்தில் அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்பா வருகிறார் என்றதும் செல்வின் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான். “கெளம்புவோம். நாகர்கோயில்ல சித்தி வீடு இருக்கு.”

“அவரு அந்தக் கதையப் படிச்சு அழுவாரு. நான் கண்ணால பாத்திருக்கேன். அப்படி அழுத மனுசன் எப்படிங்க...”

“கைதட்டுனதையும் நீ கண்ணாலதான பாத்த? ஞாயித்துக்கெழம குற்றாலத்துல அந்தாளுக்குக் கூட்டம். ரோடு பூராம் போர்டு வச்சிருக்கானுவ. அன்னைக்கே ஒங்கப்பாவும் வாராருன்னா என்ன அர்த்தம்?”

அன்றைக்கு ராத்திரி முழுக்க உமாராணி அதையேதான் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வரப்போவது நாவலைப் படித்து அழுத அப்பாவா, மேடைக்குக் கைதட்டிய அப்பாவா? தப்பாகக் கணக்குப் போட்டால் போவது செல்வினின் உயிர். ஓடிப்போனாலோ, ஒருவேளை நிஜமாகவே பேத்தியைப் பார்க்க வந்த மனிதர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார், பிறகு இந்த ஜென்மத்தில் வரமாட்டார். கடைசியில், பிள்ளையை மட்டும் மாமியார் கீழ்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது, இவர்கள் இருவரும் இருப்பது என்று முடிவானது. “ஆண்டவர் பாத்துக்கிடுவாரு” என்றாள் ஞானபாக்கியம். சொன்னாளே தவிர, போகும்போது அரிவாள்மனையை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாரல் பிடித்துக்கொண்டது. பதினொரு மணிவாக்கில் பச்சை கேட்டின் முன்னால் வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து அப்பா இறங்கினார். மெலிந்திருந்தார். உமாராணி மாடி ஜன்னலிலிருந்து முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். ஒரு கையில் பழப்பை. இன்னொரு கையில் நகைக்கடைப் பை, சின்னது. அவளுக்கு மூச்சு வந்தது.

அப்போது காரின் பின்கதவு திறந்தது. இறங்கியவர் சிற்றாறன். முன்கதவும் திறந்தது. மொடமொடவென்று வெள்ளைச் சட்டை போட்ட சங்கப் பொறுப்பாளர் ஒருவர் கையில் செல்லோடு இறங்கி வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

“முடிஞ்சுது” என்றான் செல்வின். உமாராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் படியேறி வந்த அப்பாவின் முகத்தில் பூரிப்பு தாங்கவில்லை. “ஏட்டி, யாரக் கூட்டியாந்திருக்கேன் பாரு! ரயிலடியிலருந்து அய்யாவக் கூட்டிட்டுப் போற பொறுப்பு எனக்கு. போற வழியில எம்மக வீட்டுல ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்னேன், உடனே சரின்னுட்டாரு” என்றார்.

சிற்றாறன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல களையான முகம், கனிவான குரல். “நல்லாருக்கியாம்மா?” என்று கேட்டபோது, இவ்வளவு பயத்திலும் உமாராணிக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. இந்த வாய்தானே அத்தனை கதைகளையும் சொன்னது! பிறகு அவர் செல்வினைப் பார்த்தார். “தம்பிக்கு எந்த ஊரு? அப்பா பேரு என்ன?”

செல்வின் ஊரைச் சொன்னான், அப்பா பெயரைச் சொன்னான். சிற்றாறனின் கண் சுவரில் இருந்த சிலுவைக்குப் போய்விட்டு வந்தது. பொறுப்பாளர் செல்லை உயர்த்தினார். க்ளிக். செல்வின். க்ளிக். சிலுவை. ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்து, கீழே நின்ற பைக்கின் நம்பர் பலகையையும் எடுத்துக்கொண்டார்.

சங்கரபாண்டி அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கைகட்டி நின்றுகொண்டிருந்தார். “அய்யா, ஒங்க நாவல்ல வார மாதிரியே நானும் மக வீட்டத் தேடி வந்துட்டேன். மேடையில நீங்க பேசுதது கூட்டத்துக்கு. ஒங்க மனசு என்னன்னு படிச்சவனுக்குல்லா தெரியும்! எம்பேத்தி தலையில கைவச்சு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க அய்யா. நீங்களே ஆசீர்வாதம் பண்ணிட்டீகன்னா பெறவு இவுகள எவன் தொடுவான்?”

இதற்காகத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உமாராணிக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும், “எப்பா, என்ன காரியம் பண்ணிட்டீங்க” என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

சிற்றாறன் சிரித்தார். கோபமே இல்லை. “சங்கரபாண்டி, அது கதைய்யா. கதைன்னா படிக்கிறவன் கண்ணு கலங்கணும், அதுக்கு எழுதுனது. நம்ம சனம் எப்படி இருக்கணும்னு நான் சொல்லுறது மேடையிலதான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிடலாமா?”

“எழுதும்போது நீங்க அழலையா?” என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்று உமாராணிக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

அவர் அவளை நேராகப் பார்த்தார். “அழுதேம்மா. நல்லா அழுதேன். அழுகையெல்லாம் அதோட தீந்துபோச்சு.”

காப்பியைத் தொடாமல் எழுந்தார். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். பொறுப்பாளர் செல்லில் எதையோ அனுப்பிக்கொண்டே பின்னால் போனார். “வண்டியில சாவி இருக்கு. நீங்களே ஓட்டிட்டுப் போங்க” என்று சங்கரபாண்டி சொன்னார். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார் போகிற சத்தம் கேட்டது.

சங்கரபாண்டி நின்ற இடத்திலேயே நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது. “போட்டோ எடுத்தான்லா?” என்று கேட்டார்.

“ஆமா மாமா” என்றான் செல்வின். முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டான்.

“வண்டி நம்பரும்?”

“ஆமா.”

அந்த ஒரு நொடியில் அவர் மறுபடியும் போலீஸ்காரரானார். “கெளம்புங்க. இப்பவே. சாயந்தரத்துக்குள்ள அம்பது குரூப்புக்குப் போயிரும். பைக்க எடுக்காதீங்க, பஸ்ஸுல போங்க. ஸ்டேஷனுக்கு நான் போறேன். எல்லாத்தையும் எம்பேருல எழுதிக் குடுக்கேன், அந்தாளு பேரையும் சேத்து. நீங்க இங்கன இருக்கக்கூடாது.”

ஞானபாக்கியம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். விவரம் தெரியாமல், “இந்தாங்க சம்மந்தி, பிடிங்க” என்று அவர் கையில் வைத்தாள். உமாராணி துணிகளை அள்ளிப் பையில் திணித்தாள். அவள் திணித்து முடிக்கிறவரைக்கும்தான் தாத்தாவுக்கும் பேத்திக்கும் நேரம் இருந்தது. பிள்ளை அவருடைய மீசையைப் பிடித்து இழுத்தது. அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். தூசி விழுந்ததாக இந்த முறை அவர் சொல்லவில்லை, வெளிப்படையாகவே அழுதார்.

“எப்பா, நீங்களும் வாங்க.”

“நான் வந்தா என் பின்னாலயே வருவானுவ.”

“நாங்க எங்க போறோம்னா...”

“சொல்லாத!” என்று அதட்டினார். பிறகு குரல் தணிந்தது. “எங்கிட்டச் சொல்லாதட்டி. நான் எதையும் நம்பிருத ஆளு. இன்னொருத்தன் வந்து நல்ல மாதிரியாப் பேசுனா அவங்கிட்டயும் சொல்லிருவேன்.”

பிள்ளையை மகள் கையில் கொடுக்கும்போது, “பேரு என்ன வச்சிருக்க?” என்று கேட்டார். உமாராணி வாயைத் திறந்தாள். அவர் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். “வேண்டாம், வேண்டாம். வாய் தவறி எங்கயாவது சொல்லிக் கூப்பிட்டுருவேன்.”

அவர்கள் நாலு பேரும் சாரலில் நனைந்துகொண்டே போய், வந்து நின்ற பஸ்ஸில் ஏறினார்கள். அது எந்த ஊருக்குப் போகிற பஸ் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.