அண்ணன் துடைத்த கோடு

நூல்காரர் தன் அண்ணனுக்குக் கடன்பட்டிருந்தார். ஓர் ஆளுயர நிலைக்கண்ணாடியின் விலை. அந்தக் காலத்தில் அது அவருக்கு ஐந்து மாதச் சம்பளம். இரண்டு மாதத்தை அண்ணன் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டது போக, மூன்று மாதம் பாக்கி நின்றது. கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. கொடுக்க வழியில்லாமல் இல்லை. நினைத்திருந்தால் அந்தக் கண்ணாடிக் கடையையே விலை பேசியிருப்பார். கொடுக்கக் கூடாது என்று இருந்தார்.

அவர் பட்டறையைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. கதவு, நிலை, ஜன்னல் சட்டம். பன்னிரண்டு பேர் அவரிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்குகிறார்கள். சாத்தும்போது முனகாமல், தரையை உரசாமல், ஒரே 'டப்'போடு ஒரு கதவு மூடிக்கொண்டால் அது அவருடைய கதவு. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. பலகையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்து விளிம்போடு ஒரு பார்வை விடுவார். மயிரிழை வளைவு இருந்தாலும் பலகை மூலைக்குப் போய்விடும். நூல் பிடித்தாற்போல் வேலை செய்பவர் என்று பேச்சு வந்து, கடைசியில் பெயரே நூல்காரர் ஆயிற்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கையெழுத்துக் கோணலாக இருக்கும். பலகை இருக்காது.

அதற்கு முன்னால் அவருக்கு வேறு பெயர். ஒண்ணரை. ஒன்றரைக் கண் என்பதன் சுருக்கம். இடது கண் எதிரில் நிற்பவரைப் பார்க்கும். வலது கண் அவருடைய காதைப் பார்க்கும். "மாறுகண்ணு அதிர்ஷ்டம்டா, ராசா" என்று அம்மா தடவிக் கொடுப்பாள். அந்த அதிர்ஷ்டம் பந்து விளையாடும்போது மூக்கு வழியாக வந்து, ரத்தமாக ஒழுகும். அப்பா போன பிறகு, ஒன்பது வயது மூத்த அண்ணன்தான் வீட்டைத் தாங்கினார். அண்ணனிடம் ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. பையனையும் அங்கேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நன்றி இல்லாமல் இல்லை. நன்றி வேறு, நியாயம் வேறு.

தன்னிடம் என்ன இல்லை என்பது அவருக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து உப்பில்லாமல் தின்றவனுக்கு உப்பு இல்லை என்று எப்படித் தெரியும்? டீ ஊற்றினால் கெட்டிலின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் முட்டவைத்துத்தான் ஊற்றுவார். படி இறங்கினால் கால் முதலில் துழாவும், பிறகுதான் உடம்பு இறங்கும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார். கிட்டே இருப்பது சட்டென்று நகரும், எட்ட இருப்பது அசையாமல் நிற்கும். நிழலைப் பார்ப்பார், எது எதை மறைக்கிறது என்று பார்ப்பார். உலகம் முழுவதும் இப்படித்தான் வாழ்கிறது என்று நினைத்திருந்தார். மற்றவர்கள் மட்டும் எப்படிச் சிந்தாமல் ஊற்றுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. அவர்களுக்குக் கைச்சுத்தம் அதிகம் போலும்.

மரம், இரும்பு, மண் என்று உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, அவருக்கு வாய்த்தது கண்ணாடி. நிறம் கிடையாது, நிழல் கிடையாது, விளிம்பு ஒரு கோடு. அதுவும் வெளிச்சம் பட்டால்தான் தெரியும். குருடனைக் கூட்டிவந்து நிறம் பிரிக்கச் சொன்ன கதைதான். ஆனால் ஆள் சும்மா இருக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். கண்ணாடியின் அடி ஓரத்தில் தடிமனாக ஒரு கோடு, மேசையின் விளிம்பில் ஒரு கோடு. மேலிருந்து பார்க்கும்போது கண்ணாடியின் கோடு மேசையின் கோட்டை மறைத்துவிட்டால் இரண்டும் நேராக வந்துவிட்டன என்று அர்த்தம். மறைக்காவிட்டால் இன்னும் தள்ள வேண்டும். அவ்வளவுதான். அந்தச் சாக்பீஸ் இருந்தவரை ஒரு துண்டுகூட உடையவில்லை.

பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்குவார்கள். மேசை விளிம்பில் அடிப்பக்கத்தை உட்காரவைத்து, பிறகு மெல்லச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். மேசைப் பக்கம் நிற்பவன் "உட்கார்ந்துச்சு" என்று குரல் கொடுப்பான். அதற்குப் பிறகுதான் மற்றவன் பாரத்தை விடுவான். அந்தத் தொழிலில் அந்த ஒரு சொல்லுக்கு மறுபேச்சு இல்லை.

அன்றைக்கு ஒரு துணிக்கடைக்காரர் வந்திருந்தார். ஆளுயர நிலைக்கண்ணாடி, முன்பணம் கொடுத்தாயிற்று. தூக்குவதற்கு முன்னால் ஒண்ணரை தன் இரண்டு கோடுகளையும் போட்டு வைத்திருந்தார். அண்ணன் பார்த்தார்.

"என்னடா இது, புதுக் கண்ணாடியில கிறுக்கி வச்சிருக்கே? வந்தவர் பழசுன்னு நினைக்கப் போறார்."

தோளில் கிடந்த துணியை எடுத்துக் கண்ணாடிக் கோட்டைத் துடைத்தார். அதே கையோடு மேசைக் கோட்டையும்.

"அண்ணே, மேசையில இருக்கறதையாவது விடுண்ணே."

"இவ்வளவு பெரிய மேசை உனக்குத் தெரியலையா? சோறு மட்டும் வாய்க்குச் சரியா போகுதுல்ல? தூக்குடா."

தூக்கினார்கள். நடந்தார்கள். ஒண்ணரைக்குக் கண்ணாடியும் மேசையும் ஒரே பரப்பில், ஒட்டினாற்போல் தெரிந்தன. தலையை ஆட்டிப் பார்க்கலாமென்றால் கையில் பாரம். "உட்கார்ந்துச்சு" என்றார்.

உட்காரவில்லை. மேசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு விரற்கடை வெறும் காற்று. அண்ணன் கையை விட்டார்.

சத்தம் அடங்கியதும் துணிக்கடைக்காரர் சிரித்தார். அதுதான் அண்ணனைக் கொளுத்திவிட்டது. "கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குற பய சார் இவன். உட்கார்ந்துச்சுன்னு சொன்னது யாருடா? நானா, நீயா?"

சொன்னது அவர்தான். அதை அவர் எப்போதும் மறுத்ததில்லை. இரண்டு மாதம் சம்பளமில்லாமல் உழைத்தார். மூன்றாம் மாதம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். உடைத்துவிட்டு ஓடிப்போனான் என்று அண்ணன் ஊரெல்லாம் சொன்னார்.

லாரி ஓட்டலாம் என்று போனார். உரிமத்துக்குக் கண் சோதனை. ஒரு கண் டாக்டரம்மா அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பெரிய ஈ ஒன்றின் படத்தைக் காட்டினார்.

"ரெக்கையைப் பிடிங்க."

அவர் படத்தில் இருந்த இறக்கையின் மேல் விரலை வைத்தார். டாக்டரம்மா அடுத்து நின்ற லாரி கிளீனருக்கு அதே கண்ணாடியை மாட்டிவிட்டார். கிளீனரின் விரல்கள் படத்துக்கு மேலே, காற்றில் நின்று எதையோ கிள்ளின.

"யோவ், காத்துல எதைய்யா பிடிக்கிறே?"

"ரெக்கையைத்தாண்ணே! இதோ மேல தூக்கிக்கிட்டு நிக்குதே, பார்க்கவே அருவருப்பா. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. அவருக்கு அது காகிதத்தில் செத்துக் கிடந்த ஈ.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு கண்ணும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்கணும். ஆளுக்குக் கொஞ்சம் வேற மாதிரி படம் அனுப்பும். அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை தூரத்தைக் கணக்குப் போடுது. உங்க கண்ணு ரெண்டும் ஆளுக்கொரு திசையில நிக்குது. ரெண்டையும் பார்த்தா குழப்பம்னு மூளை ஒரு படத்தைத் தள்ளிவச்சிடுச்சு."

"இப்ப சரி பண்ணிடலாங்களா?"

"கண்ணை நேராக்கலாம். அந்தக் கணக்கு வர்றது இந்த வயசுல ரொம்பக் கஷ்டம். சின்னப் பிள்ளையில யாராவது கூட்டிட்டு வந்திருக்கணும்."

அதிர்ஷ்டம் என்று சொன்ன அம்மா அப்போது உயிரோடு இல்லை. லாரி இல்லை என்றாகிவிட்டது. ஆனாலும் அன்று சாயங்காலம் அவர் ஓட்டமும் நடையுமாக அண்ணன் கடைக்குத்தான் போனார். மனதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. திமிர் இல்லை, தூக்கம் இல்லை, அலட்சியம் இல்லை, கண். கேட்டால் அண்ணன் மனம் இளகிவிடும்.

அண்ணன் கடைசிவரை கேட்டார். "டாக்டர் ஆயிரம் சொல்வா. காசு கொடுக்காம இருக்க இப்படி ஒரு கதையா?"

"சரிண்ணே, கதைன்னே வச்சுக்க. நான் போட்ட கோட்டைத் துடைச்சது நீதானே?"

"எந்தக் கோடு?" என்றார் அண்ணன்.

அந்த இரண்டு சொல் அவருக்குள் கண்ணாடிச் சில்லுபோல் தங்கிவிட்டது. அப்போதே தீர்மானித்தார். துடைத்தேன் என்று அண்ணன் தன் வாயால் சொல்லும் நாளில் பணம். அதுவரை ஒரு காசு கிடையாது.

பிறகு அவர் வளர்ந்த கதை ஊர் அறிந்தது. ஒரு மரப்பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். அங்கே எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையின் நேர் பார்ப்பதைக் கண்டார். இவருக்கு மூடவே வேண்டாம். அவர்கள் முக்கி முனகிச் செய்ததை அவர் பிறவியிலேயே செய்துகொண்டிருந்தார். ஆணி அடிக்கும்போது பெருவிரல் நசுங்கும், அது வேறு. நசுங்கிய விரலோடு பத்து வருடத்தில் தனிப் பட்டறை போட்டார். யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. தன் கையே தனக்குதவி.

இப்போது அண்ணி வந்திருந்தாள். பட்டறை வாசலில் மரத்தூளில் செருப்பு புதைய நின்றாள்.

"தம்பி, உங்க அண்ணனுக்குக் கண்ணுல புரை. ஒரு கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சு. இன்னொண்ணு பாக்கி. கடையை வித்த காசு, கடன் போக மிச்சம் மொதல் கண்ணோட முடிஞ்சுபோச்சு."

"என்ன அண்ணி, இதுக்கு நீங்க அலையணுமா? ஆஸ்பத்திரியில நானே கட்டிடறேன்."

"கட்டினா அந்த மனுஷன் கட்டில்ல ஏறமாட்டார். நான் சொல்லிப் பார்த்துட்டேன். 'உதவியா? அவன் எனக்குத் தர வேண்டியவன். கண்ணாடிக் காசை வாங்கிட்டு வா'ங்கிறார். அதுவும் மூணு மாசச் சம்பளம், இன்னைக்குச் சம்பளக் கணக்குல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கணக்கில் அண்ணன் என்றைக்கும் தோற்றதில்லை.

"கண்கெட்ட பிறகும் குணம் கெடல, அண்ணி."

"அது கூடப்பிறந்தது தம்பி. உங்களுக்கு மட்டும் என்ன குறைச்சல்?"

உதவியாகக் கொடுத்தால் வாங்கமாட்டார். கடனாகக் கொடுத்தால் குற்றம் தன்னுடையது என்று கைச்சாத்துப் போட்டதாகிவிடும். இரண்டு நாள் அவருக்கு உளி பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பணத்தோடு கிளம்பினார். கொடுப்பதற்கு முன் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்கிவிடுவது என்றுதான் போனார்.

அண்ணன் இருந்தது மாடி வீடு. படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. கோணல்மாணலாக, கைநடுங்கப் போட்ட கோடு. உள்ளே போனால் கண்ணாடி மேசையின் ஓரம் முழுக்க வெள்ளை டேப். அண்ணன் தண்ணீர் ஊற்றினார். ஜக்கின் மூக்கு டம்ளர் விளிம்பில் 'டிங்' என்று முட்டியது. பிறகுதான் தண்ணீர் விழுந்தது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு கண் தெளிவு, மறு கண் மூட்டம். இரண்டும் சேரவில்லை. அண்ணன் இப்போது தம்பியின் உலகத்தில் குடியிருந்தார்.

"படியில யாருண்ணே கோடு போட்டது?"

"நான்தான். இறங்கறப்ப எங்க முடியுதுன்னு தெரிய மாட்டேங்குது. எல்லாம் ஒரே தகடா தெரியுது."

"புது வீடு மாதிரி இருக்கு. வர்றவங்க என்ன நினைப்பாங்க? துடைச்சிடட்டுமா?"

அண்ணி சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். அண்ணனின் கை டம்ளரைச் சுற்றி இறுகியது. ஆபரேஷன் ஆன கண் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தது. அண்ணனுக்கு எந்தக் கோடு என்று தெரிந்துவிட்டது. தெரிந்தது என்பது தம்பிக்கும் தெரிந்தது. வார்த்தை தொண்டைவரை வந்ததைக்கூடப் பார்த்தார்.

"எந்தக் கோட்டைச் சொல்றே?" என்றார் அண்ணன். "காசு கொண்டுவந்திருக்கியா, இல்லையா?"

எழுந்து வந்துவிடலாம். வந்தால் மறு கண் அணைந்துபோகும். கொடுத்தால் இன்னும் ஒரு மாதத்தில் அண்ணனுக்கு இரண்டு கண்ணும் கூடி நிற்கும். படிகள் படிகளாகவே தெரியும். அண்ணன் தன் கையாலேயே அந்தக் கோடுகளைச் சுரண்டி எடுத்துவிடுவார். ஈயின் இறக்கை அவருக்கு மட்டும் எழுந்து நிற்கும். அதற்கான காசு தம்பியுடையது.

தம்பி மடியிலிருந்து பணக்கட்டை எடுத்தார்.

அண்ணன் கையை விரித்து நீட்டினார். தம்பி முதல் தாளை வைத்தார். அது கைக்கு இப்பாலேயே நழுவித் தரையில் விழுந்தது. இருவருக்கும் தூரம் தெரியவில்லை. தம்பி குனிந்து எடுத்தார். இடது கையால் அண்ணனின் புறங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தார். கடைசியில் சத்தமில்லாமல் கொஞ்சம் கூடுதலாக வைத்தார். அண்ணனின் பெருவிரல் கட்டைத் தடவியது. எண்ணிப் பார்த்து, கூடுதல் தாள்களை மட்டும் உருவி மேசையில் போட்டார்.

"மூணு மாசம்னா மூணு மாசம்."

தம்பி அவற்றை எடுத்துக்கொண்டார். பிடித்திருந்த புறங்கையை இன்னும் விடவில்லை.

"உட்கார்ந்துச்சாண்ணே?"

அண்ணன் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"உட்கார்ந்துச்சு."