பஸ் கிளம்புவதற்குள் ஒரு தீர்மானம்

அரசு அதிகாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊராட்சித் திட்டக் கூட்டங்களுக்குப் போகிறேன். வறுமை ஒழிப்பைப் பற்றிக் காலை பதினோரு மணிக்குப் பேசுவோம். அந்நேரம் ஏழைகள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருப்பார்கள். கம்பெனி பஸ் நிற்குமிடத்திலேயே விடியலில் கூட்டம் வைக்கலாம், விதியில் தடையில்லை என்றேன். வைத்தார்கள்.

மகளை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், "காலையில எங்கம்மா புள்ளய அங்கன்வாடில வுட்டுட்டு வேலைக்குப் போயிடுது. ஆனா அங்கன்வாடிய சாயங்காலத்துக்கு முன்னாடியே மூடிட்றாங்க. நாங்க வர்றதுக்கு இருட்டிடுது. புள்ளய இன்னா பண்றது? வேலைய வுட வேண்டியதுதான்" என்றார்.

"பரிசீலிக்கலாம்மா" என்றார் ஊராட்சித் தலைவர்.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஒருத்தரும் ஏறவில்லை.

"கொஞ்சம் இருண்ணா, தலைவரு தீர்மானம் எழுதட்டும்" என்று டிரைவரிடம் கத்தினார் அந்தப் பெண்.

என் காலத்தில் பரிசீலனைக்கு ஆறு மாதம் பிடிக்கும். அன்று அடுத்த ஹாரனுக்குள் குழந்தைகளுக்கு மாலைக் காப்பகம் தீர்மானமாகிவிட்டது.