நான்கு நிமிடம் நிற்கும் வண்டி

என் தம்பி செங்கல்வராயன் மேனாம்பேட்டிலிருந்து பாடி வரை பதினெட்டு வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஹாரன் அடித்து ஆள் கூப்பிட மாட்டான். எந்தக் கம்பெனியில் எப்போது ஷிப்ட் விடும் என்று தெரியும். அந்த நேரத்துக்குப் போய் நிற்பான். ஒரு தையல் கம்பெனி வாசலில் மட்டும், மாலை 5.40 முதல் 5.44 வரை நான்கு நிமிடம். உள்ளே பெண்களின் பையைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர்கள், "இன்னா மாமே, மாமியார் ஊட்டாண்ட நிக்கிற மாதிரி நிக்கிறே?" என்பார்கள். சிரித்துக்கொண்டே நிற்பான்.

போன சித்திரையில் பரத் என்ற எஞ்சினியர் வந்தார். அரசு அனுமதியோடு ஒரு தனியார் கம்பெனி மினி பஸ் விடப்போகிறது, வண்டி எங்கே வருகிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம், வழி தெரிந்தவர் உதவ வேண்டும் என்றார். டிரைவர் வேலை முதலில் தம்பிக்குத்தான் என்றார். மூன்று மாதம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

ஷிப்ட் நேரத்தை வெளியாளிடம் சொல்வதில்லை என்று ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூத்த டிரைவர் அப்பாவு எச்சரித்தார். தம்பி கேட்கவில்லை. பஸ் ஓட்டும் லைசென்ஸும் எடுத்துவிட்டான். அவன் சொல்லச் சொல்ல, இருபத்து மூன்று நிறுத்தங்களையும் நேரத்தோடு நான் நோட்டில் எழுதினேன். அந்த நான்கு நிமிடத்தைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். நோட்டைப் பரத் வாங்கிப் போனார்.

ஆவணியில் பஸ் ஓடியது. அதே இருபத்து மூன்று நிறுத்தங்கள். டிரைவர் வேறு ஆள். நாற்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லையாம், தம்பிக்கு நாற்பத்தாறு. நியாயம் கேட்கப் பூந்தமல்லியில் இருக்கும் பஸ் கம்பெனி ஆபீசுக்குத் தம்பியோடு நானும் போனேன்.

"எனக்கே கடைசியிலதாண்ணா தெரியும்" என்றார் பரத்.

"மொத வாரமே ஆட்டோ லைசென்ஸ் ஜெராக்ஸ் வாங்கினியே நைனா. அதுல வயசு போட்டுகீதே" என்றான் தம்பி. பரத் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தங்களில் இப்போது ஷேர் ஆட்டோ நிற்கக் கூடாது. ஸ்டாண்டில் எல்லோருக்கும் சவாரி பாதியாகக் குறைந்தது. தம்பியை வரிசையில் விட மறுத்துவிட்டார்கள். அப்பாவு அவனோடு பேசுவதே இல்லை. ஆட்டோவை விற்றுவிட்டுப் பாடியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறான்.

தையல் கம்பெனி வாசலில் பஸ் 5.40க்கு வந்து 5.41க்குக் கிளம்பிவிடுகிறது. சோதனை முடிந்து வரும் பெண்கள் மெயின் ரோடு வரை நடக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன், பதினோரு பேர். வாடகை ஆட்டோ எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றால் அவர்கள் வருவார்களே என்று தம்பியிடம் சொன்னேன். சட்டையிலிருந்த சிமெண்டைத் தட்டிக்கொண்டே சொன்னான்:

"வாணாங்க்கா. அதான் நோட்டுல செவப்புக் கோடு போட்டுக் குடுத்துட்டோமே. என்னிக்காவது படிப்பானுங்க."