மோட்டார் அக்காவும் ஒழுகிய ஒன்பது கழிவறைகளும்

எங்கள் பெண்கள் விடுதியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மோட்டார் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முதலில் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்தவர். மோட்டார் போட்டுக்கொண்டிருந்த ஆள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, இரண்டு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லி சாவியை இவர் கையில் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாள் எட்டு வருஷமாக நீண்டுவிட்டது.

மாடிப்படிக்கு அடியில்தான் மோட்டார் அறை. காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்பார். "இன்னைக்குச் சரியா இழுக்கல, காத்து பிடிச்சிருக்கு" என்பார். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் "பொம்பளைக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்" என்று அலுவலகத்தில் முணுமுணுப்பவர்கள் இருந்தார்கள். அது அவர் காதுக்கும் போகும். கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

அந்தக் கோடையில், காலையில் நிரப்பிய மொட்டை மாடித் தொட்டி மதியத்துக்குள் காலியாக ஆரம்பித்தது. கல்லூரி விட்டு வந்து குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றுதான் வரும். முதல் மாடிக்காரிகள் மூன்றாம் மாடிக்காரிகளைத் திட்டினார்கள். மூன்றாம் மாடியில் ஒருத்தி இருந்தாள், பாட்டுக்காரி என்று பட்டம். முழுசாக மூன்று பாட்டு பாடி முடிக்காமல் குளியலறையை விட்டு வெளியே வரமாட்டாள். பழி முழுக்க அவள் தலையில் விழுந்தது. அவள் பாட்டையே நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் தொட்டியில் தண்ணீர் தங்கவில்லை.

ஒரு புதன்கிழமை, வார்டன் எங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார்.

"தண்ணி இல்லாம சமாளிக்க முடியல. திங்கட்கிழமையோட ஹாஸ்டலை மூடுறோம். எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புங்க."

பரீட்சைக்கு மூன்றே வாரம். என் வீடு ஒரு பகல் முழுக்க ரயிலில் போகும் தூரம். கூடமே சலசலத்தது. வார்டன் ஓரமாக நின்ற அக்காவைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க நேரத்துக்கு மோட்டாரை நிறுத்தியிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா? தொட்டி வழிஞ்சு ஓடுறது கூடத் தெரியாம அப்படி என்ன வேலை உங்களுக்கு?"

அத்தனை பேர் முன்னால் அக்காவின் முகம் சுண்டிப்போனது. "நிறுத்திட்டுத்தான் போறேன் மேடம்" என்றார். அது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் எனக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. எல்லோரும் கல்லூரிக்குப் போய்விட, நான் மட்டும் அறையில் கிடந்தேன். பத்து மணிவாக்கில் அக்கா ஒரு நீளமான குச்சியோடு மொட்டை மாடிக்கு ஏறுவது தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி ஏறினார். இறங்கி வந்தவர் மூச்சு வாங்க என் அறை வாசலில் நின்றார்.

"ஏம்மா, நீ குளிச்சியா?"

"இல்லக்கா. காலையே ஊன முடியல, எங்க குளிக்கிறது?"

"துணி?"

"அதுவும் இல்ல."

குச்சியை என் முன்னால் நீட்டினார். அதில் இரண்டு பென்சில் கோடுகள், நடுவில் ஒரு சாண் இடைவெளி. "ரெண்டு மணி நேரத்துல இவ்வளவு இறங்கியிருக்கு. வழியவும் இல்ல, புழங்க ஆளும் இல்ல. அப்ப தண்ணி எங்கம்மா போகுது?"

மூன்று மாடிக் குழாய்களையும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். ஒன்றும் சொட்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எதிரே இருந்த கழிவறை வாசலில் போய் நின்றவரின் கண்ணில், ஜன்னல் விளிம்பிலிருந்த என் நீல பாட்டில் பட்டது. ஆய்வகத்து வெள்ளைக் கோட்டுக்குப் போடுகிற சொட்டு நீலம்.

"இதைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

முதல் கழிவறையின் ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்கி, நாலு சொட்டு விட்டார். "யாரும் தண்ணி இழுக்கல. கீழ நீலம் வரக் கூடாது. வந்தா ஒழுகுதுன்னு அர்த்தம்." நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் போனேன். இருபத்துநாலு கழிவறைகளிலும் விட்டுவிட்டு, கால் மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.

முதல் மூன்றில் ஒன்றுமில்லை. நாலாவதில் பீங்கான் முழுக்க நீலம் இறங்கியிருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல், நூல் மாதிரி, நழுவிக்கொண்டே இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஒன்பது.

அக்கா ஓடிப்போய் வார்டனைக் கையோடு அழைத்து வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போன வார்டன் ஐந்தாவதில் நின்றுவிட்டார்.

"இது எத்தனை நாளா இப்படி ஒழுகுது?"

"தெரியல மேடம். உள்ள இருக்கிற ரப்பர் தேஞ்சுபோச்சு. மாத்தினா நின்னுடும்."

வெள்ளிக்கிழமை பிளம்பர் வந்தார். அக்கா பக்கத்திலேயே நின்று, மாற்றி முடித்த ஒவ்வொன்றிலும் மறுபடி நீலம் விட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்கு விட்டார். "அக்கா, நீங்க என்னை வேலைக்கு எடுத்திருக்கீங்களா, பரீட்சை வைக்கிறீங்களா?" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

எங்களுக்கும் உறுத்தியது. யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை. ஆனால் பல் தேய்க்கும்போது குழாய் மூடியிருந்தது. ஜீன்ஸை ஒவ்வொன்றாக அலசாமல், அறைக்காரிகள் சேர்ந்து ஒரே வாளியில் முடித்தோம். அந்த அலசின தண்ணீர் கழிவறை கழுவப் போனது. ஷவரில் வெந்நீர் வரும்வரை ஓடுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி வைத்தோம். பாட்டுக்காரி மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்: ஒரு பாட்டு, ஆனால் சரணத்தோடு முழுசாக. சோப்புப் போடும்போது ஷவரை மூடிவிட்டுப் பாடினாள். குரல் இன்னும் நன்றாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை மோட்டார் போடுவதற்கு முன்னால் அக்கா குச்சியோடு ஏறினார். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பின்னாலேயே போனோம். குச்சியை வெளியே எடுத்தார். பாதிக்கு மேல் ஈரம்.

"பாதித் தொட்டி இருக்குடி!" என்று யாரோ கத்தினார்கள்.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் வார்டன் எழுந்து நின்றார். "ஹாஸ்டல் மூடல. போய்ப் படிங்க." கூச்சல் அடங்கக் காத்திருந்தார். "இன்னொன்னு. அன்னைக்கு உங்க எல்லார் முன்னாடியும் இவங்களைச் சொன்னேன். தப்பு என்னோடது. அதையும் உங்க முன்னாடியே சொல்லிடுறேன்."

அக்கா "பரவால்ல மேடம்" என்றார். சொல்லிவிட்டு அங்கிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மோட்டார் ஓடவில்லை. ஆறே காலுக்குத்தான் அக்கா சிரித்துக்கொண்டே வேக வேகமாக வந்தார்.

"பத்து நாளா கண்ணை மூடினா தொட்டிதான் வரும். நேத்து படுத்ததுதான் தெரியும். எங்க வீட்டுக்காரரு பயந்துபோய் மூக்குல கை வெச்சுப் பார்த்தாராம்!"