இரண்டு மரம் போதும் என்ற தேவசகாயம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செங்கல்பட்டு மார்க்கெட்டில் கீரைக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது என் செல்போன் ஒலித்தது. தேவசகாயத்தின் எண். "சொல்லுங்க" என்றேன். மறுமுனையில் பேசியது அவருடைய மனைவி ரோஸ்லின். "அண்ணே, அவரு பூட்டாருண்ணே" என்றார். ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்றிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது. கையில் கீரைக்கட்டோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கீரைக்காரம்மாதான் அதை என்னிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

கருங்குழிக்குப் பக்கத்தில் அவருடைய ஊரில் அடக்கம் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அவரோடு ஏதாவது ஓர் ஊருக்கு நடந்தவர்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்று எல்லோரும் பேசியது ஒரே விஷயம்தான்: அவர் தைத்துக் கொடுத்த தூளி. "என்னது பச்சை." "என்னது இன்னும் ஒரு தையல் விடல." பையில் மடித்து வைத்து, போகிற இடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கிற தூளி. எடை குறைவு, விலை குறைவு, பத்து வருஷம் உழைக்கும். அதை எப்படித் தேர்ந்தெடுத்தார், எப்படித் தைத்தார் என்று அவரோடு நடந்த நம்மில் பலருக்குத் தெரியும். ஏன் தொடங்கினார் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். இனி எனக்கு மட்டும்தான் தெரியும். அதை என்னோடு வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

நாங்கள் இருவரும் செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கத்துக்கு ஒரே ஆபீஸ் பஸ்ஸில் போய்வந்தோம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவன். அலுவலகத்தில் மேஜை வேலை. அவர் பட்டறையில் ஃபிட்டர். என்னைவிட ஏழு வயது இளையவர். லீவு நாட்களில் தனியாக ஊர் ஊராக நடப்பவர் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் சர்க்கரை வந்திருந்தது. நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "செருப்பு தேஞ்சா என்னிய கேக்கக் கூடாது சார்" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில், மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், திருக்கழுக்குன்றத்திலிருந்து மேற்கே இரண்டு நாள் நடை. அதுதான் எங்கள் முதல் பயணம். முதல் நாள் மாலை நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்தின் முதல் தெருவில் ஓட்டுவீடு ஒன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். ஊர்ப்பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் வெளியே வந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். என்னிடம் ஊர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், முகம் மலர்ந்தது. பிறகு தேவசகாயத்திடம் திரும்பினார்.

"நீ எந்தூருப்பா?"

"கருங்குழிப் பக்கம்."

"கருங்குழில எந்தாண்ட?"

தேவசகாயம் தன் தெருவைச் சொன்னார். வீட்டுக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சார், நீங்க உள்ள வாங்க. அவுரு அந்தாண்ட மாட்டுக் கொட்டாய்ல படுத்துக்கட்டும், எடம் கீது" என்றார்.

நான் உள்ளே போனேன். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு வழி இல்லை. காய்ந்த துண்டு கொடுத்தார்கள், சூடாகச் சாதமும் ரசமும் போட்டார்கள், சாப்பிட்டேன், பாயில் படுத்துத் தூங்கியும் போனேன். காலையில் வெளியே வந்தபோது தேவசகாயம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கை வரை சாணிக்கறை. "கெளம்பலாமா சார்?" என்றார். ராத்திரி எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. அன்று முழுக்க எனக்கு நான்கடி முன்னால்தான் நடந்தார்.

அடுத்த வாரம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். அதில் அங்கங்கே முடிச்சுகள். மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜின் பின்புறம் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இரண்டு தென்னைகளுக்கு நடுவே மெல்லிய துணித் தூளி கட்டிப் படுத்திருந்தாளாம். இவர் சைகையில் கேட்டிருக்கிறார். அவள் இறங்கி, இவரைப் படுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். நீளம், அகலம், கயிறு எல்லாவற்றையும் நூலால் அளந்துகொண்டு வந்துவிட்டார். "மடிச்சா ஒரு தேங்கா அளவுதான் சார் கீது. ரெண்டு மரம் போதும். எவன் வூட்டாண்டயும் போயி நிக்க வாணாம்."

கடைசி வாக்கியத்தை ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். எனக்குப் புரிந்தது. புரியாதவன் போல நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு ஒரு வருஷம் அவருக்கு அதே வேலை. கூடாரம் வாங்கலாமே என்றேன். சென்னையில் விசாரித்து வந்து உதட்டைப் பிதுக்கினார்: தூக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. மாமல்லபுரம் கடைகளில் தொங்கிய பருத்தி வலைத் தூளி அழகாக இருந்தது. நனைந்தால் கனத்தது, சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டது. அதுவும் வேண்டாம். கடைசியில் குடைத்துணியைவிடக் கொஞ்சம் தடிமனான நைலான் துணியில் வெட்டு மிச்சம் வாங்கி, எங்கள் ஊர் டெய்லர் காதர் பாயிடம் கொடுத்தார். "பாய், இது சட்டை இல்ல. தையல் விட்டா ஆளு வுழுவான்" என்றார். பாய் மூன்று தையல் ஓட்டினார்.

மரத்தில் சுற்றக் கயிறு ஆகாது, பட்டையை அறுத்துவிடும் என்று பழைய இரும்புக் கடையில் காரின் சீட் பெல்ட்டுகளைத் தேடிப் பிடித்தார். தூளியைத் தூக்கும் கயிறு மட்டும் புதிது, மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் இருப்பதிலேயே நல்லது. "துணில மிச்சம் புடி, பைல மிச்சம் புடி. உன் உசுரு தொங்குற கயித்துல மிச்சம் புடிக்காத" என்பார். மேலே கட்ட ரெயின்கோட் துணி, சுற்றிலும் கொசுவலை. எல்லாவற்றையும் காய்கறிக்கடைத் தராசில் வைத்து நிறுப்பார். ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் எதையாவது வெட்டுவார். கொசுவலையின் ஓரப் பட்டியைக்கூட அவர் பிரித்து எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சதுரங்கப்பட்டினத்துச் சவுக்குத் தோப்பில் ஒரு ஞாயிறு பிற்பகல் சோதனை நடந்தது. தூளி கட்டுவதற்கு நானாக வாங்கிவந்த பளபளப்பான வளையம் ஒன்றை மாட்டினேன். படுத்த மறுநொடி மணலில் கிடந்தேன். தேவசகாயம் ஓடிவந்து எனக்கு அடிபடவில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா சார் நீ, சாவிக்கொத்து மாட்ற வளையத்துல ஆள மாட்டிகினு கீற?" அன்றுதான் நேராகப் படுக்காமல் குறுக்காகச் சாய்ந்து படுத்தால் முதுகு வளையாது என்று கண்டுபிடித்தோம். கடற்காற்றில் முதுகு சில்லிட்டது. கீழிருந்து வரும் குளிரைப் போர்வை தடுக்காது என்று சொல்லி, மறுவாரம் ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச் விரிப்போடு வந்தார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அதே மேற்குப் பாதையில் போகலாம் என்று அவரே சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதே கிராமத்தை மாலையில் அடைந்தோம். தூறல் தொடங்கியிருந்தது. அந்த வீட்டுக்காரர் தெருவில் நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "சாரா? வாங்க வாங்க, மழை வலுக்கப் போவுது, உள்ள வாங்க" என்றார்.

தேவசகாயம் என்னைப் பார்க்கவில்லை. நடையைக்கூட நிறுத்தவில்லை, ஏரிக்கரைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தார். "இல்லீங்க, நாங்க ரெண்டு பேரும் கரையிலயே படுத்துக்குறோம்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

ஏரிக்கரைப் பனைகளில் இரண்டு தூளிகளையும் கட்டினோம். சீட் பெல்ட் பனஞ்செதிலில் நன்றாகப் பிடித்தது. மழை இறங்கியது. கயிற்றின் வழியே ஓடிவரும் தண்ணீர் தூளிக்குள் போகாமல் இருக்க, பாதியில் ஒரு துணிநாடாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டியது. வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. முகம் பார்க்காமல் பேசுவதற்குத் தூளி வசதியானது. "தேவசகாயம், அன்னிக்கு நான் உள்ள போயிருக்கக் கூடாது" என்றேன்.

அவர் தூளி ஒருமுறை ஆடி நின்றது.

"உள்ள போனது பெருசில்ல சார். மழ பேஞ்சிகினு இருந்துச்சு, கூப்ட்டாங்க, போன. நீ திரும்பி ஒரு வாட்டி என்னிய பாப்பன்னு நெனச்சேன். பாக்கல. அதான்."

அவரே தொடர்ந்தார். "சின்ன வயசுல மழ வந்தா எங்க வூட்ல தரையில தண்ணி பூந்துரும். எங்கம்மா எங்க மூணு பேரையும் பொடவைல தூளி கட்டிப் போட்டுரும். அம்மா மட்டும் தண்ணில நின்னுகினே இருக்கும். பெரிய பசங்க நாங்க, கால் மடங்கிப் படுத்துகினு கெடப்போம். வேலைக்கு வந்தப்புறம் இனிமே எவனும் என்ன அந்தாண்ட போய்ப் படுன்னு சொல்ல முடியாதுன்னு நெனச்சேன். சொல்லிட்டான். என் கூட்டாளி எதிர்லயே சொல்லிட்டான்."

கூட்டாளி என்று அவர் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

காலையில் வீட்டுக்காரர் குடையோடு கரைக்கு வந்தார். தூளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "முதுவு வலிக்காதா?" என்று தேவசகாயத்திடமே கேட்டார். "படுத்துப் பாருங்க பெரியவரே" என்றார் இவர். அவர் கையை நீட்டித் துணியைத் தொட்டார், உடனே கையை இழுத்துக்கொண்டார். "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். தேவசகாயம் பெல்ட்டைச் சுருட்டியபடி, "படுக்க மாட்டாரு. ஆனா அவருக்குப் படுக்கணும்னு ஆச வந்துச்சு பாத்தியா சுந்தரம்?" என்றார். அன்றோடு என் பெயருக்குப் பின்னால் இருந்த சார் போய்விட்டது.

அதன் பிறகுதான் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். முட்டுக்காட்டிலிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்தவர்கள், ஜவ்வாது மலைக்கு வந்தவர்கள், கேட்டதும் தூளி கிடைத்தவர்கள். துணிக்கும் தையலுக்கும் ஆன விலையைத் தவிர அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. கொடுக்கும்போது ஒவ்வொருவரையும் ஏறிப் படுக்கச் சொல்லி, தரைக்கும் முதுகுக்கும் நடுவே கை விட்டுப் பார்ப்பார். சென்னைக் கடைகளில் இறக்குமதித் தூளிகள் வரத் தொடங்கியபோது என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். அரைமணி நேரம் தையலை ஆராய்ந்தார். "நல்லாத்தான் தச்சிகீறான். கலர்தான் கண்ணக் குத்துது" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் எனக்குக் கொடுத்த தூளியை அடக்கத்துக்கு மறுநாள் ரோஸ்லினிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய மகள் தோழிகளோடு கொல்லிமலைக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஆகவே அவருடைய பொருள் எதுவும் இப்போது என்னிடம் இல்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு காலைப்பொழுது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய தை மாதம். பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்பில் இருவர் மட்டும் தங்கியிருந்தோம். எங்கே போனாலும் விடிவதற்கு முன்பே எழுந்து, யாராவது வந்து எழுப்புவதற்குள் பையைக் கட்டிவிடுகிறவர் அவர். அத்தனை வருஷத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. அன்று நான் எழுந்தபோது வெயில் வந்திருந்தது. அவர் தூளி அசையவில்லை. பயந்து பக்கத்தில் போனேன். வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கை வெளியே தொங்க, நல்ல தூக்கம். மீனவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டே அந்த வழியாகப் போனார்கள், அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. சுள்ளி பொறுக்கி, சத்தம் வராமல் உடைத்து, டீ போட்டேன். என் பங்கைக் குடித்தேன். அவர் பங்கை மூடி வைத்தேன். அது ஆறியது. வெயில் அவர் துணியின் மேல் ஏறியது. எட்டு மணி ஆயிற்று, எட்டரை ஆயிற்று. நான் எழுப்பவில்லை.