தவிட்டுக்கு வாங்கிய கால்

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து, கால் கழுவக் குனிந்தபோதுதான் பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை.

"செருப்ப எங்க விட்டிய?" என்று கேட்டாள் என் மனைவி ஞானம்மாள்.

"காலுக்குத் தெரிஞ்சால்லா எனக்குத் தெரியும்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அடுத்த வாரம் சிரிப்பு வரவில்லை. கணுக்கால் வீங்கி, அழுத்தினால் குழி அப்படியே நின்றது. கரும்பலகை வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. நிற்க முடியாத வாத்தியாரை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? பயந்துபோனேன்.

இப்படிக் கால் மரத்துப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் பட்டினி கிடந்தவனில்லை. சேரன்மகாதேவியில் வேலை கிடைத்ததும் மரியாதையாகச் சாப்பிடத் தொடங்கியவன். அதுதான் வினையாயிற்று.

அதுவரை எங்கள் வீட்டில் கம்பங்கூழும் கைக்குத்தல் புழுங்கலரிசியும்தான். வாத்தியார் வீட்டுக்கு அது ஆகுமா? புதிதாக வந்த மிஷினில் தீட்டிய பச்சரிசிக்கு மாறினோம். சோறு வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டுமே! ஏழு தண்ணீர் விட்டு அரிசியைக் கழுவச் சொன்னேன். கஞ்சியைச் சொட்டில்லாமல் வடிக்கச் சொன்னேன். கழுநீரும் கஞ்சியும் பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போயின. சோற்றுக்கு ரசம், மோர். "கொஞ்சம் கூழும் குடிங்களேன்" என்ற ஞானம்மாளை அதட்டினேன்.

பாளையங்கோட்டை டாக்டர் சின்னச் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

"அந்தப் பசு எப்படி இருக்கு, வாத்தியாரே?"

"நல்லாக் கொழுத்துப்போய் நிக்கி."

"கொழுக்காம என்ன செய்யும்? உம்ம சத்தையெல்லாம் அதுல்லா குடிக்குது!"

பெரிபெரி (தீட்டிய அரிசியையே தின்பதால் காலும் நெஞ்சும் வலுவிழக்கும் நோய்) என்றார். பச்சரிசியை நிறுத்தி, தினமும் தவிட்டை வறுத்துக் கூழில் கலந்து குடிக்க வேண்டும் என்றார்.

என் முகம் சுண்டிவிட்டது. எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு, "ஒன்னப் பெறலலே, தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார்கள். சின்ன வயதில் அதை நம்பி அழுதவன் நான். வாத்தியாராகியும் அந்த அழுகை எனக்குள் மிச்சமிருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டுதான் குடித்தேன். சில நாளில் மூச்சு சீரானது. பிறகு வீக்கம் வடிந்தது. காலில் உணர்ச்சி மட்டும் பையத்தான் வந்தது. வருமா வராதா என்று மாதக்கணக்கில் விரல்களைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கஞ்சி நின்றுபோனதில் பக்கத்து வீட்டுப் பசு என்னை முறைத்தது.

ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் புறவாசலில் முள் குத்தியது. சுரீர் என்றது.

"ஞானம்! வலிக்கு!" என்று கத்தினேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஓடி வந்தவள் என் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். "வலிக்காம? தவிடு குடுத்து வாங்குன காலுல்லா!" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பள்ளிக்கூட மணி அடித்தது. முள்ளைப் பிடுங்க அவள் குனிந்தாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன்.